பில் போடும் திரையும் கணக்குப்பிள்ளை மாமாவின் கோபமும்

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் எங்களுக்கு மொத்தப் பலசரக்குக் கடை. அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இ-இன்வாய்ஸ் (பில்லை அரசின் இணையதளத்தில் பதிவு செய்வது) போட வேண்டிய கட்டாயம் வந்ததால் மூன்று மாதம் முன்பு பழைய பில்லிங் சாஃப்ட்வேரை மாற்றினோம். பழையது கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸே தேவைப்படாது. புதியது இணையத்தில் ஓடுவது. டச் ஸ்கிரீன், சாமானுக்குச் சாமான் படம், பார்க்க அவ்வளவு அழகு. அன்றிலிருந்து எங்கள் கணக்குப்பிள்ளை மாமா ஆளே மாறிவிட்டார். நான் பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து கடையில் இருப்பவர், ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. இப்போது லோடுமேன்களிடம் எரிந்து விழுகிறார். ஒரே சாமான் பில்லில் இரண்டு முறை ஏறிவிடுகிறது. அதை அழிக்க என் பாஸ்வேர்டு வேண்டும் என்பதால் அடிக்கடி என்னைக் கூப்பிடுகிறார். தப்பாகத் தொட்டால் மெஷின் ‘பீப்’ என்று கத்துகிறது. போன வாரம், “எனக்குப் புத்தி மங்கிப் போச்சு தாயி, வேற ஆளைப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டார். கல்லூரி முடித்துப் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கோ இதே திரை இரண்டு நாளில் பழகிவிட்டது. மாமாவுக்கு வயதுதான் காரணமா? மெதுவாக அவரை வேறு வேலைக்கு மாற்றிவிடலாமா? இன்னொன்று, கடை ஆப்பை என் போனில் போட்டதிலிருந்து எனக்கும் ராத்திரி தூக்கம் சரியில்லை. ஒரு கம்ப்யூட்டர் திரை மனிதரை இப்படி மாற்றுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாற்றும். ஆனால் மாமாவை எங்கும் மாற்ற வேண்டாம். அவருக்குப் புத்தி மங்கவில்லை. காரணங்கள் எல்லாம் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன.

நான் மென்பொருள்களுக்குத் திரை வடிவமைப்பவன். கடைகளில் பில் போடுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கை எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடைகளிலும் உங்கள் தெருக் கடைகளிலும் மாமாவைப் போன்ற பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் மேல் வெறுப்பும் கிடையாது, பயமும் கிடையாது. வருடக்கணக்காகக் கம்ப்யூட்டரில்தானே பில் போட்டு வந்திருக்கிறார்கள்? இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாமாவும் கம்ப்யூட்டர் தெரிந்தவர்தான், அதிலும் கெட்டிக்காரர்.

அந்தப் பழைய கறுப்புத் திரையில் அவர் வேலை செய்ததை நினைத்துப் பாருங்கள். மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ வந்த கடைக்காரர் சீட்டை வாசிக்க வாசிக்க, மாமாவின் வலது கை நம்பர் பேடில் ஓடியிருக்கும். துவரம் பருப்புக்கு ஒரு எண், எண்டர். மூட்டையா சிப்பமா என்பதற்கு ஒரு எழுத்து, எண்டர். அளவு, எண்டர். நம்பர் பேடில் 5 என்ற விசையின் மேல் சின்ன மேடு ஒன்று இருக்கும், தடவிப் பாருங்கள். நடுவிரல் அதைத் தொட்டதும் மற்ற ஒன்பது எண்களும் எங்கே இருக்கின்றன என்று கைக்குத் தெரிந்துவிடும். மல்லிகை கட்டுகிற பெண்களின் விரல் நாரைப் பார்க்காமலே முடிச்சுப் போடுமே, அதே மாதிரி. கண் முழுக்கச் சீட்டிலும் வாசலில் இறங்கும் மூட்டையிலும் இருக்கும். கடைசியில் மொத்தத் தொகை பார்க்க ஒருமுறை திரையை ஏறிட்டிருப்பார், அவ்வளவுதான். வேலை இப்படி ஓடும்போது எதிரில் மெஷின் இருப்பதே மறந்துபோகும். இத்தனை வருடம் அவர் குரல் உயராமல் இருந்ததற்கு அவருடைய நல்ல குணம் ஒரு காரணம் என்றால், அந்தத் திரை இன்னொரு காரணம்.

புதிய திரை வெறும் கண்ணாடி. அதில் மேடு கிடையாது. ஒவ்வொரு சாமானுக்கும் கண்ணால் படத்தைத் தேடிப் பிடித்தால்தான் விரல் வைக்க முடியும். கண் சீட்டுக்கும் திரைக்கும் அலைகிறது. கை அந்தரத்தில் நிற்கிறது. நிமிர்த்தி வைத்த டச் ஸ்கிரீனை நாள் முழுக்கக் கை நீட்டித் தொட்டால் தோள்பட்டை வலிக்கும். மாமா வெள்ளெழுத்துக்குக் கீழ்ப்பாதி பவர் உள்ள கண்ணாடி போட்டிருப்பவர் என்றால், உயரத்தில் இருக்கும் திரையைப் படிக்கத் தலையைப் பின்னால் சாய்த்தாக வேண்டும். சாயங்காலம் ஆனதும் கழுத்து வலி தனியாக வரும். உடம்பு நோகிற மனிதரிடம் லோடுமேன் வந்து ஒரு கேள்வி கேட்டால், பதில் எரிச்சலாகத்தான் வரும்.

‘படம் போட்ட திரைதானே நவீனம், பழகினால் வேகம் வந்துவிடும்’ என்று சாஃப்ட்வேர்க்காரர் சொல்லியிருப்பார். எப்போதும் அப்படி நடப்பதில்லை. அமெரிக்காவில் நைனெக்ஸ் என்ற தொலைபேசி நிறுவனம் தன் ஆபரேட்டர்களுக்குப் பழைய எழுத்துத் திரைகளை எடுத்துவிட்டு, படங்களுடன் கூடிய புதிய திரைகள் தர நினைத்தது. விசை தட்டும் எண்ணிக்கை அதில் குறைவு, எழுத்துகள் வந்து விழும் வேகமும் அதிகம். வேலை கட்டாயம் வேகமாகும் என்று எல்லாரும் நம்பினார்கள். வேய்ன் கிரே, போனி ஜான், மைக்கேல் அட்வுட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒவ்வொரு அசைவுக்கும் ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு, புதியது மெதுவாகத்தான் இருக்கும் என்றார்கள். ஆபரேட்டர்களிடம் கொடுத்துச் சோதித்தபோது அழைப்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. 1993-ல் அந்த ஆய்வு வெளியானது. எப்படி என்று கேட்டால், பழைய திரையில் வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆபரேட்டர் பாதி விசைகளைத் தட்டி முடித்துவிடுவார். புதியது மிச்சம்பிடித்துக் கொடுத்தது அந்த இடைவேளை விசைகளைத்தான். கூட்டியதோ எல்லாரும் காத்திருக்கும் கடைசி நொடியில். மாமாவிடமிருந்து போனதும் இதுதான். மேலூர்க்காரர் வாசிக்கும்போதே ஓடிய கை, இப்போது அவர் வாசித்து முடிக்கக் காத்திருந்து, பிறகு தேட ஆரம்பிக்கிறது.

சரி, வாங்கும்போது உங்களுக்கு ஏன் இது தெரியவில்லை? உங்கள் மேல் தப்பில்லை. 1995-ல் ஜப்பானில் குரோசு, காஷிமுரா என்ற இருவர் ஏடிஎம் திரைக்கு 26 விதமான அமைப்புகளைச் செய்து மக்களிடம் காட்டினார்கள். எது அழகாகத் தெரிந்ததோ அதையே பயன்படுத்தவும் சுலபமானது என்று மக்கள் சொன்னார்கள். நோம் டிராக்டின்ஸ்கி என்ற ஆய்வாளர் இதையே இஸ்ரேலில் செய்து பார்த்தபோது அந்தத் தொடர்பு இன்னும் பலமாகவே தெரிந்தது. டான் நார்மன் என்ற வடிவமைப்பு அறிஞர் 2004-ல் எழுதியதை இங்கே வைத்துப் பார்த்தால் உங்கள் கடை அப்படியே விளங்குகிறது. ஒரு பொருள் நம்மை மூன்று நிலைகளில் தொடுகிறது என்கிறார் அவர். பார்த்ததும் வருகிற உணர்வு ஒன்று. கையில் எடுத்துப் புழங்கும்போது வருவது இன்னொன்று. இதை வைத்திருக்கிற நான் யார் என்று யோசிக்கையில் வருவது மூன்றாவது. டெமோ காட்டிய பத்து நிமிடத்தில் உங்களுக்கு வந்தது முதலாவது. நாள் முழுக்க அதன் முன் உட்கார்ந்திருக்கும் மாமாவுக்கு வருவது இரண்டாவதும் மூன்றாவதும். ‘புத்தி மங்கிப் போச்சு’ என்ற வார்த்தை அந்த மூன்றாவது இடத்திலிருந்து வருகிறது. எனக்கு அதுதான் மிகவும் கவலையாக இருக்கிறது.

ஏனென்றால் மெஷின் சொதப்பும்போது மனிதர்கள் பெரும்பாலும் தங்களைத்தான் நொந்துகொள்கிறார்கள். நார்மன் 1988-லேயே இதை விரிவாக எழுதிவிட்டார். ஒரே சாமான் இரண்டு முறை ஏறுகிறது என்றீர்களே, அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மாமா படத்தைத் தொடுகிறார். இணையம் வழியாகப் போய்ப் பதில் வர இரண்டு மூன்று நொடி ஆகிறது. அதுவரை திரையில் ஒரு சலனமும் இல்லை. தொட்டது பதியவில்லை போல என்று மறுபடி தொடுகிறார். இரண்டும் ஏறிவிடுகிறது. எங்கள் தொழிலில் இதற்கு ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் சொன்ன அளவைத்தான் எல்லாரும் கடைப்பிடிக்கிறோம். பத்தில் ஒரு நொடிக்குள் பதில் வந்தால், நானே செய்தேன் என்று கை உணரும். ஒரு நொடி வரை யோசனை அறுபடாது. பத்து நொடி தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். கறுப்புத் திரை பத்தில் ஒரு நொடியில் பதில் சொல்லிப் பழக்கிய கை அது. இணையம் மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை, தொட்ட கட்டம் உடனே நிறம் மாறினாலே போதும், இரண்டாவது தடவை தொட மாட்டார். அதைக்கூடச் செய்யாமல் விட்டது சாஃப்ட்வேர் எழுதியவர்களின் குறை.

அதற்கு மேல்தான் பாஸ்வேர்டு. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அப்பா காலத்திலிருந்து கல்லாவும் லெட்ஜரும் அவர் பொறுப்பில் இருந்திருக்கின்றன. இன்றைக்கு, மெஷினின் தாமதத்தால் கூடுதலாக ஏறிய ஒரு வரியை அழிக்க, எதிரில் கடைக்காரர் நிற்க, அவர் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளையைக் கூப்பிட்டு அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் முகம் சுளிக்காமல்தான் வந்து போட்டுக் கொடுத்திருப்பீர்கள். ஆனாலும் திரை அவரிடம் ‘உன்னை நம்ப முடியாது’ என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த ‘பீப்’ இன்னும் மோசம். மாமா தப்பாகத் தொட்டார் என்ற செய்தியை லோடுமேன், வாடிக்கையாளர், டீ கொண்டுவந்த பையன் வரை எல்லாருக்கும் அது அறிவிக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிளிஃபர்ட் நாஸும் பைரன் ரீவ்ஸும் வருடக்கணக்கில் ஆராய்ந்து சொன்னது என்னவென்றால், மெஷின் என்று நன்றாகத் தெரிந்திருந்தும் மனிதர்கள் கம்ப்யூட்டரிடம் மனிதரிடம் போலவே நடந்துகொள்கிறார்கள் என்பதுதான். வேலை வாங்கிய அதே கம்ப்யூட்டர் ‘நான் எப்படிச் செய்தேன்’ என்று கேட்டால், முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூச்சப்படுவது போலக் கூடுதல் மதிப்பெண் போடுகிறார்கள். அப்படியானால் அது நாலு பேர் முன்னால் கத்தினால், ஓர் ஆள் கத்தியது போல்தானே மனம் நோகும்? லோடுமேனிடம் அவர் திருப்பிக் கொடுப்பது அந்த வலியைத்தான்.

யூபிஐ பணம் வந்ததும் ‘ஐநூறு ரூபாய் பெறப்பட்டது’ என்று சத்தமாகச் சொல்கிற பெட்டி எல்லாக் கடைக்காரர்களுக்கும் பிடித்திருப்பதும் இதே காரணத்தால்தான். நல்ல செய்தியை நாலு பேர் கேட்கச் சொல்கிறது, போனை எடுத்துப் பார்க்க வேண்டாம், கொடுத்தவருக்கும் நிம்மதி. குரலுக்கு அந்தப் பலம் உண்டு. அதே பலத்தைத் தவறைச் சொல்லப் பயன்படுத்தினால் அவமானமாகிவிடும்.

புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குப் படத்திரை ஏன் பிடித்துப்போனது என்றால், அவளுக்குச் சாமான் எண்கள் தெரியாது. கறுப்புத் திரையில் கண் சிமிட்டும் ஒரு கோட்டைத் தவிர வேறொன்றும் இருக்காது. என்ன அடிக்கலாம், எதை அடித்தால் என்ன ஆகும் என்று அது சொல்லாது. அவளை அதன் முன் உட்கார வைத்திருந்தால் ஒரு வாரத்தில் அழுதிருப்பாள். படத்திரைகளின் நல்ல பக்கத்தை 1983-லேயே பென் ஷ்னைடர்மன் என்ற கணினி அறிஞர் எழுதினார். பொருள் கண்ணெதிரே இருக்க வேண்டும், தொட்டால் உடனே விளைவு தெரிய வேண்டும், செய்ததைத் திருப்பிக்கொள்ள முடிய வேண்டும். அப்போதுதான் புதியவர் பயமில்லாமல் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்வார். உங்கள் சாஃப்ட்வேர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டது. எந்த வகைத் திரை என்பதை விட, கை தன் வசத்தில் இருக்கிறதா, தவறினால் யாரையும் கேட்காமல் திரும்பி வர வழி இருக்கிறதா என்பதில்தான் மனநிலை நிற்கிறது. புதியவருக்கு அந்த வசம் படத்தில் கிடைக்கிறது. தேர்ந்தவருக்கு விசையில் கிடைக்கிறது. ஒரே சாஃப்ட்வேரில் இரண்டும் இருக்கலாம், நல்லவற்றில் இருக்கிறது.

இனி செய்ய வேண்டியது. இ-இன்வாய்ஸ் இருப்பதால் பழையதற்குத் திரும்ப முடியாது, அந்தப் பேச்சே வேண்டாம்.

இன்றைக்கே ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள், பீப் ஒழியட்டும். அப்புறம் மாமாவுக்கு அழிக்கும் அதிகாரத்தை அவர் பெயரிலேயே கொடுத்துவிடுங்கள். கணக்குக்குக் காவல் வேண்டும் என்றால், அழித்த வரிகளின் பட்டியலை ராத்திரி கடை சாத்தும்போது இருவரும் சேர்ந்து பாருங்கள். பெரும்பாலான பில்லிங் சாஃப்ட்வேர்களில் இந்த வசதி செட்டிங்ஸிலேயே இருக்கும். பழைய கீபோர்டை, அதே நம்பர் பேடோடு, மறுபடி மேசையில் வையுங்கள். சாமான் பட்டியலில் ‘ஐட்டம் கோட்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் மாமாவுக்கு மனப்பாடமான பழைய எண்களையே ஏற்றச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் பெரிய பலன் இதில்தான் கிடைக்கும். அவருக்குள் இருக்கும் அத்தனை வருட எண்களைத் தூக்கி எறிந்துவிட்டு, படத்தைத் தேடு என்று சொன்னதுதான் அவரைப் பச்சைப்பிள்ளை ஆக்கியது. திரையைத் தாழ்த்திக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வையுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள், வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து இருந்தால் கறுப்பாக்கச் சொல்லுங்கள்.

சாஃப்ட்வேர்க்காரரிடம் கேட்க வேண்டியவை: தொட்டதும் கட்டம் நிறம் மாற வேண்டும், ஒரே சாமானை அடுத்தடுத்து இரண்டு முறை தொட்டால் கேட்டுவிட்டு ஏற்ற வேண்டும், பாதியில் இணையம் போனாலும் லாக்-அவுட் ஆனாலும் போட்ட வரிகள் அப்படியே இருக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ‘ஆர் யூ ஷ்யூர்’ என்று கேட்கும் பெட்டி இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் யாரும் படிக்காமலே ‘யெஸ்’ அழுத்திவிடுவார்கள், காவலும் போய்விடும். மூலையில் எட்டிப் பார்த்து ‘உதவி வேண்டுமா’ என்கிற பொம்மை இருந்தால் அதையும். மைக்ரோசாஃப்ட் தன் ஆபீஸ் 97-ல் காகித கிளிப் வடிவில் அப்படி ஒன்றை வைத்தது. வேலை நடுவே குறுக்கிடுகிறது என்று மக்கள் திட்டித் தீர்த்தார்கள். 2001-ல் அதை முடக்கிய நிலையில் தந்தது, 2007 பதிப்பில் எடுத்தேவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனமே எடுத்ததை உங்கள் சாஃப்ட்வேர்க்காரரும் எடுக்கலாம். இவற்றை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள், வருடாந்திரப் பராமரிப்புப் பணம் கட்டும் முன் முடித்துத் தரச் சொல்லுங்கள். தீபாவளி சீசன் கூட்டம் தொடங்கும் முன் மாமாவின் கை பழகிவிட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை உண்டு. மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் மாமாவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். சொல்லிக் கொடுக்காதீர்கள். “மாமா, நீங்க பாட்டுக்கு பில் போடுங்க, எங்க கை நிக்குதுன்னு மட்டும் நான் எழுதிக்கிறேன். இந்த மெஷின்ல தப்பு இருக்கு, அதைச் சரிபண்ணச் சொல்லணும்” என்று சொல்லுங்கள். நிஜமும் அதுதான். முதல் பத்து நிமிடம் மனிதர் கூச்சப்படுவார். அப்புறம் அவரே குறைகளை வரிசையாகச் சொல்ல ஆரம்பிப்பார். ‘எனக்கு வரலை’ என்பது ‘இது சரியில்லை’ என்று மாறினால், பாதி சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணையும் கூட உட்கார வையுங்கள். அவளுக்கு எண்கள் தெரியாது, அவருக்குத் தெரியும். அவருக்கு எந்த மெனுவில் எது இருக்கிறது என்று தெரியாது, அவளுக்குத் தெரியும்.

உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் வரும் ‘ஸ்டாக் குறைவு’ என்ற அறிவிப்பை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. குடோன் பூட்டியிருக்கிறது. செய்ய வழியில்லாத செய்தி மனதைக் குடைந்துகொண்டே இருக்கும். ஆப்பின் அறிவிப்புகளை எல்லாம் அணைத்துவிட்டு, காலையில் கடை திறந்ததும் ஒரே பட்டியலாகப் பாருங்கள். பணம் தொடர்பானதை மட்டும் விட்டு வையுங்கள். ‘இன்னும் இரண்டு மணி நேரம்தான் சலுகை’ என்று அவசரப்படுத்தும் சிவப்புக் கடிகாரமோ, வேண்டாம் என்று சொல்ல ‘எனக்கு லாபம் தேவையில்லை’ என்று எழுதிய பட்டனோ அதில் இருந்தால், அவை உங்களைப் பதற வைக்கவும் கூச வைக்கவும் தெரிந்தே செய்யப்பட்டவை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இப்படிப்பட்ட 13 வகைத் தந்திரங்களுக்குத் தடை போட்டிருக்கின்றன. பொய்யான அவசரமும் கூச வைப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு.

திரையில் வரும் எச்சரிக்கைச் செய்திகளை எல்லாம் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ‘இன்வாலிட் இன்புட்’ என்று வரும் இடங்களில் என்ன தவறு, எப்படிச் சரிசெய்வது என்று மாமாவுக்குப் புரியும் தமிழில் வாசகம் எழுதித் தருகிறேன். அதை அப்படியே சாஃப்ட்வேர்க்காரரிடம் கொடுத்து மாற்றச் சொல்லலாம்.